யாருக்கு வரல?

“அண்ணா, நெட்டு வரமாட்டேங்குது” என்று போன் வந்தால் நான் பதிலுக்குக் கேட்பது, “யாருக்கு வரல?” வீட்டில் எல்லோருக்குமா, ஒரு போனுக்கு மட்டுமா, தறிக்கூடத்தில் மட்டுமா, சாயந்திரம் மட்டுமா? சரியான பதில் கிடைத்துவிட்டால் வண்டியை எடுப்பதற்கு முன்பே எந்தச் சாமானை எடுத்துக்கொள்வது என்று தெரிந்துவிடும். எல்லோருக்கும் என்றால் வெளிச்சம் அளக்கும் பவர் மீட்டரும் ஃபைபர் வெட்டும் கருவியும் வேண்டும். ஒருவருக்கு மட்டும் என்றால் வெறுங்கையோடு போனால் போதும்.

எங்கள் ஊர் வெண்ணந்தூரில் ஒரு இணைப்பு ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. முன்னால் வீடு, பின்னால் விசைத்தறி, மாடியில் தம்பி குடும்பம், பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா. பாகம் பிரித்தாயிற்று, கரண்ட் மீட்டர்கூடத் தனித்தனி. வைஃபை மட்டும் ஒன்று. பில் கட்டுவது ஒருவர், படம் பார்ப்பது மூன்று அடுப்புக்காரர்கள். அதனால் “நெட்டு வரல” என்று சொல்பவர் எந்த அடுப்பைச் சேர்ந்தவர் என்பதே எனக்கு முதல் துப்பு.

எல்லோருக்கும் வரவில்லை என்றால் வைஃபை பெட்டியில் சிவப்பு லைட் எரிகிறதா என்று கேட்பேன். எரிந்தால் ஃபைபர் வழியாக வரும் வெளிச்சம் பெட்டிக்கு வந்து சேரவில்லை. பெட்டியில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஃபைபரில் வெளிச்சத்தை டிபிஎம் கணக்கில் அளக்கிறோம். வீட்டுப் பெட்டிக்கு மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் கிடைக்க வேண்டும். நான் மைனஸ் 24-ஐத் தாண்ட விடமாட்டேன். கம்பத்தில் எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றே பத்து டிபி அளவுக்குத் தின்றுவிடும். அப்புறம் ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம், ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம். நான் கேபிள் டிவி லைன்மேனாக இருந்த காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், கண்ணே சொல்லிவிடும். ஃபைபரில் அந்த முன்னறிவிப்பு கிடையாது. மைனஸ் 27 வரை ஒரு குறையும் தெரியாது. இரண்டு டிபி கூடுதலாக இறங்கினால் ஒன்றுமே இருக்காது.

தெருவில் லாரி அறுத்தது, அணில் கடித்தது எல்லாம் உண்டு. ஆனால் நான் அதிகம் பார்ப்பது வீட்டுக்குள்ளேதான். சுவரோரம் பீரோவைத் தள்ளியிருப்பார்கள். பெட்டிக்குப் போகும் மஞ்சள் வயர் அதன் பின்னால் மடிந்து நசுங்கியிருக்கும். உள்ளே இருப்பது செம்பு இல்லை, கண்ணாடி இழை. சுண்டுவிரல் தடிமனுக்கு இறுக்கி வளைத்தாலே வெளிச்சம் பக்கவாட்டில் கசிந்துவிடும். நுனியில் இருக்கும் பச்சைத் தலைக்கும் நீலத் தலைக்கும் வித்தியாசம் தெரியாமல் மாற்றிச் செருகியிருந்தாலும் இதே கதிதான். பச்சைத் தலையின் முகம் எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் அப்படி இல்லை. இரண்டும் சரியாகப் பொருந்தாது.

எல்லா வீட்டிலும் கெஞ்சிச் சொல்வது ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்துப் போடுங்கள், தப்பில்லை. பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஊசித் துளைக்குள் குண்டூசியை மட்டும் விடாதீர்கள். அது உள்ளே இருக்கும் யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் துடைத்துவிடும். சிவப்பு லைட்டுக்குக் காரணம் தெருக்கம்பத்தில் இருக்க, பையன் குண்டூசியை விட்டு வைத்திருப்பான். ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. காலையில் வந்தது, சாயந்திரம் இல்லை. இந்த வகைதான் எனக்குப் பிடித்தது. கதை பெரும்பாலும் இப்படி இருக்கும். மாடியில் சிக்னல் போதவில்லை என்று தம்பி ஆன்லைனில் இன்னொரு ரவுட்டர் வாங்குவார். கீழ்ப் பெட்டியிலிருந்து லேன் வயர் இழுத்து, புதுப்பெட்டியின் நாலு ஓட்டைகளில் ஏதோ ஒன்றில் செருகுவார். வேலை செய்யும்! இரண்டு நாள் கழித்துக் கீழே அண்ணன் போனில் ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்று வர ஆரம்பிக்கும். மாடியில் ஒரு குறையும் இல்லாததால் தம்பிக்கும் சந்தேகம் வராது.

நடப்பது இதுதான். வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கிறது. இப்போது வீட்டில் எண் கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஒரே ரேஷன் கடையில் இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது மாதிரி. கீழ்ப் பெட்டி கொடுத்த எண் வாங்கியவருக்குச் சரக்கு கிடைக்கும். மாடிப் பெட்டியிடம் வாங்கியவர், இணையத்துக்கு வழி அதுதான் என்று நம்பி அதையே தட்டிக்கொண்டிருப்பார். அதற்கு வெளியே போக வழியே கிடையாது. இரண்டு பெட்டிகளுமே தங்கள் முகவரி 192.168.1.1 என்று சொன்னால் குழப்பம் முழுமை.

ஆகவே நான் முதலில் திறப்பது ரவுட்டரை அல்ல, கோளாறு உள்ளவரின் போனை. வைஃபை விவரத்தில் ஐபி முகவரி இருக்கும். யார் கொடுத்த எண் என்பதை அதுவே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். 192.168.43 என்று தொடங்கினால் யாரோ பழைய ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். 192.168.137 என்றால் ஒரு விண்டோஸ் லேப்டாப் தன் இணைப்பைப் பகிர்கிறது. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் இன்னும் உயிரோடு இருக்கும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். 169.254 என்றால் யாருமே எண் கொடுக்கவில்லை, கருவி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. இந்தப் பகிர்வுக் கலை புதிதல்ல. 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இணைப்பைப் பகிரும் வசதி வந்துவிட்டது. ஒரே டயல்-அப் மோடத்தை நாலைந்து கம்ப்யூட்டர்கள் பங்கு போட்ட பிரவுசிங் சென்டர்களில் நடுக் கம்ப்யூட்டர் 192.168.0.1 என்று உட்கார்ந்திருக்கும். அதை அணைத்தால் கடையே அணைந்தது.

தம்பி பெட்டிக்கு வைத்தியம் சின்னது. அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, எண் கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை நிறுத்தி, வயரை லேன் ஓட்டையிலேயே விட்டுவிட்டால் முடிந்தது. இனி எண் கொடுப்பது கீழ்ப் பெட்டி மட்டும். மாடிப் பெட்டிக்கு சிக்னல் பரப்புவது மட்டும்தான் வேலை.

“தறி ஓடினா நெட்டு கட்டாகுது” என்பது ஊரில் பலரின் உறுதியான நம்பிக்கை. தறி மோட்டார் அலையைக் கெடுக்கிறது என்பார்கள். அப்படியில்லை. வைஃபை வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸில் தறி மோட்டார் சத்தம் போடுவது கிடையாது. பல தறிகளை ஒன்றாகப் போடும்போது வோல்டேஜ் ஒரு கணம் சரிகிறது. பெட்டியின் 12 வோல்ட் அடாப்டர் தாங்காமல் பெட்டி அணைந்து திரும்ப எழுகிறது, அவ்வளவுதான். தறி போடும் நேரத்தில் லைட்டுகளைப் பார்த்துக்கொண்டிருங்கள், எல்லாம் ஒரேயடியாக அணைந்து எரியும். ஒரு மினி யூபிஎஸ் போட்டால் தறியின் மேல் உள்ள பழி தீர்ந்துவிடும்.

தறிக்கூடத்தில் நிஜமான எதிரி இரும்பு. மேலே தகரம், கீழே வரிசையாகத் தறிகள். தகரத்தைத் தாண்டி அலை போகாது. வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கப் பெட்டிகள் எல்லாம் அங்கேதான் கூச்சல் போடுகின்றன. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. பக்கத்து வீட்டுக்காரர் 1-ல் இருந்தால் 3 வைத்துத் தப்பலாம் என்று நினைப்பார்கள். அது தப்பிப்பதல்ல, பாதி அவரோடும் பாதி 6-ல் இருப்பவரோடும் சண்டை. 

தறிக்கூடத்துக்கு வயர் இழுப்பதே நல்லது. லேன் வயர் 100 மீட்டர் வரை போகும். ஆனால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வானம் பார்த்தபடி செம்பு வயரைத் தொங்கவிட எனக்குச் சம்மதமில்லை. சித்திரை, வைகாசியில் அலவாய்மலைப் பக்கம் இடி இறங்கிய மறுநாள் காலை, பெட்டியில் லைட் எரியும், வைஃபை வரும், லேன் ஓட்டை மட்டும் செத்திருக்கும் என்று கேஸ்கள் வரும். அந்த இடைவெளிக்கு மட்டும் ஃபைபர் போட்டுக்கொண்டால் அந்த வழியாக மின்னல் உள்ளே வராது.

ஒரு லேப்டாப்புக்கு மட்டும் வரவில்லை என்றால் மூலையில் தேதியைப் பாருங்கள். உள்ளே பட்டன் பேட்டரி செத்து வருஷம் பின்னால் போயிருந்தால் பாதி இணையதளங்கள் திறக்காது.

பிறகு, கருவியால் தீராத வகை. அண்ணன் தம்பிக்குள் ஏதோ மனத்தாங்கல். அண்ணன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். தம்பி என்னைக் கூப்பிட்டு “நெட்டு வரல” என்பார். பஞ்சாயத்துப் பேசுவது என் வேலை இல்லை. ஆனாலும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் பாஸ்வேர்டை மாற்றும் உரிமை உண்டு என்று தம்பியிடம் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஏதாவது ஆனால் முதலில் மாட்டுவதும் அவர்தான். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டாமல் கிடந்த ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போனது. போலீஸ் போய் நின்றது அந்த இணைப்புக்காரர் வீட்டு வாசலில். பெட்டியில் ‘கெஸ்ட்’ என்று ஒரு தனிப் பெயர் போடும் வசதி இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு அதைக் கொடுங்கள் என்பேன். கோபம் வந்தால் அதை மட்டும் அணைக்கலாம். சமாதானம் ஆனதும் போட்டுவிடலாம், பழைய பாஸ்வேர்டே வேலை செய்யும்.

வேலை முடிந்ததும் யூசர் நேம், பாஸ்வேர்டு, எந்தப் பெட்டி எண் கொடுக்கிறது, எது கொடுக்கக் கூடாது என்பதை ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுவேன். ஆயுத பூஜைக்குத் தறியோடு சேர்த்து ரவுட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். வைக்கட்டும், அதுவும் உழைக்கிற கருவிதான். காற்றுத் துளைகளை விட்டுவிட்டு, என் ஸ்டிக்கரையும் விட்டுவிட்டு, ஓரமாக வைத்தால் போதும்.