எரிக்கப்பட்ட கோப்புகளும் எஞ்சிய நினைவுகளும்

ஹார்வர்டு பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் கரோலின் எல்கின்ஸ் தம் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியபோது எழுத நினைத்தது வேறொரு வரலாறு. 1950களில் கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் அரசு, தடுப்பு முகாம்களில் அடைத்த கிக்குயு மக்களைச் சீர்திருத்தி மறுவாழ்வு அளித்தது என்பதே அது. அரசு ஆவணங்களும் அவ்வாறே கூறின.

ஆனால், லண்டனிலும் நைரோபியிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் அவருக்கு வியப்பளித்தது அங்கே இருந்தவை அல்ல, இல்லாதவையே. கைதிகளைப் பற்றி இருந்திருக்க வேண்டிய கோப்புகளில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. விடுதலைக்கு முன்னரே பல எரிக்கப்பட்டிருந்தன. ஆகவே அவர் மத்திய கென்யாவின் கிராமங்களுக்குச் சென்று, முகாம்களிலிருந்து மீண்ட நூற்றுக்கணக்கான முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்தார். அடி, பட்டினி, கட்டாய உழைப்பு, பாலியல் வதை எனத் தாம் பட்டவற்றை அவர்கள் சொன்னார்கள்.

2005இல் வெளிவந்த அவரது நூல் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. கண்டனங்களும் எழுந்தன. வாய்மொழிச் சான்றுகளை அவர் அளவுக்கு மீறி நம்பினார் என்றனர் சிலர். உயிரிழப்பைப் பற்றிய அவரது உயர்மதிப்பீடு மக்கள்தொகைத் தரவுகளுக்குப் பொருந்தவில்லை என்று 2007இல் ஜான் பிளாக்கர் காட்டினார். எண்ணிக்கை குறித்த அவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று.

2009இல், முகாம்களில் வதைபட்ட கென்ய முதியோர் லண்டன் உயர் நீதிமன்றத்தை நாடினர். எல்கின்ஸ் உள்ளிட்ட வரலாற்றாய்வாளர்கள் அவர்கள் தரப்பில் நிபுணர் சாட்சியம் அளித்தனர். 2011இல் உண்மை வெளிவந்தது. ஹான்ஸ்லோப் பார்க் என்னுமிடத்தில் கென்யாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 1,500 கோப்புகளை பிரிட்டிஷ் அரசு மறைத்து வைத்திருந்தது. வதையை மேலிடம் அறிந்திருந்ததற்கான சான்றுகள் அவற்றில் இருந்தன. 2013 ஜூன் 6 அன்று அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காகச் செலவுகள் உட்பட 1 கோடியே 99 லட்சம் பவுண்டு வழங்க இசைந்தது. எனினும் சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை.

2022இல் வெளிவந்த அவரது அடுத்த நூல், இந்தியா, அயர்லாந்து, பாலஸ்தீனம், மலாயா என அதே வன்முறையின் தடத்தைப் பேரரசு முழுவதும் தேடிச் செல்கிறது.

இவ்வாய்வு வாழ்வை வெற்றிக்கதையாக மட்டும் வாசிப்பது எளிது. ஆனால், அந்தக் கோப்புகளும் எரிந்து போயிருந்தால்? அம்முதியோர் கூறியது அப்போதும் உண்மையாகவே இருந்திருக்கும். ஆயினும் ‘போதிய சான்றில்லை’ என்றே ஏடுகள் எழுதியிருக்கும். ஒடுக்கியவர் எழுதிய காகிதம் வந்து உறுதிசெய்யும் வரை ஒடுக்கப்பட்டவரின் சொல் காத்திருக்க வேண்டுமா என்பதே, காப்பகத்துக்குள் நுழையும் ஒவ்வோர் ஆய்வு மாணவரின் முன்னும் நிற்கும் கேள்வி.