டெஸ்டர் எடுத்தவனெல்லாம் எலெக்ட்ரீஷியன்!

நம் ஊரில் டாக்டர் ஆக ஐந்தரை வருடம் படிக்க வேண்டும். வக்கீலாகப் பதிவு செய்ய சட்டப் படிப்பு வேண்டும். ஆட்டோ ஓட்டக்கூட லைசென்ஸ் வேண்டும். எலெக்ட்ரீஷியன் ஆவதற்கு மட்டும் சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் இருந்தால் போதும் என்று நாமே முடிவு கட்டி வைத்திருக்கிறோம். காதில் பென்சிலும் செருகியிருந்தால் அவர் சீனியர் எலெக்ட்ரீஷியன்!

தெருவுக்குத் தெரு இப்படி ஒருவர் உண்டு. குழாய் ஒழுகினாலும் அவர்தான், மோட்டார் ஓடாவிட்டாலும் அவர்தான், கொலுவுக்கு சீரியல் செட் போடுவதும் அவர்தான். 'நம்ம பையன்' என்பதுதான் அவர் வாங்கிய பட்டம். அவர் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. பாதி ராத்திரியில் ஃபேன் நின்றால் ஓடி வருகிற புண்ணியவான் அவர்தானே!

சட்டமும் அவரிடம் ஓரளவு தாராளமாகத்தான் இருக்கிறது. 1956-ம் வருட இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி என்று ஒன்று. பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை இருந்தது இருந்தபடி மாற்றுவதற்குத் தடையில்லை. அதைத் தாண்டி புதுசாக லைன் இழுப்பது, இருக்கிற ஒயரிங்கை மாற்றுவது எல்லாம் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்தான், தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். 2010-லும் 2023-லும் மத்திய மின்சார ஆணையம் புது விதிகள் கொண்டுவந்தபோதும் இந்த விஷயம் மாறவில்லை. தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ்களையும் உரிமங்களையும் கொடுப்பதற்கென்றே மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. சூப்பர்வைசருக்குத் தனி, ஒயர்மேனுக்குத் தனி, ஹெல்ப்பருக்குக்கூடத் தனி சான்றிதழ்.

"அதெல்லாம் ஃபேக்டரிக்குங்க. வீட்டுக்கு எதுக்கு?" என்பீர்கள். என் அத்தானும் அப்படித்தான் சொன்னார்.

அத்தான் தாம்பரம் தாண்டி ஒரு வீடு வாங்கியிருக்கிறார். இருபது வருடத்துக்குக் கடன். டைல்ஸ் தேர்ந்தெடுக்க நான்கு ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக அலைந்தார். ஒயரிங் விஷயத்தை நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டார். "நம்ம பையன் பாத்துக்குவான்!" கனெக்ஷன் வாங்க, உரிமம் உள்ள கான்ட்ராக்டரின் டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டுமல்லவா? அதுவும் வந்தது. கையெழுத்துப் போட்டவர் வீட்டைப் பார்த்ததே இல்லை. வேலை ஒருவர், கையெழுத்து ஒருவர்!

குடி போன மூன்றாம் மாதம், வாஷிங் மெஷினைத் தொட்டால் அக்காவுக்குச் 'சுர்'ரென்றது. நம்ம பையன் வந்தான். டெஸ்டரை வைத்துப் பார்த்தான். "லைட்டா கசியுதுக்கா. செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடுங்க" என்றான். இரண்டு வாரம் அக்கா வீட்டில் துணி துவைப்பது மலையேறுகிற மாதிரி நடந்தது. கடைசியில் அத்தான் ஒரு சத்தம் போட, பையன் பிளக் பாயின்ட்டைக் கழற்றி ஐந்து நிமிஷம் என்னவோ செய்தான். 'சுர்' நின்றுவிட்டது. கூலி நூற்றைம்பது ரூபாய். "கைராசிக்காரன்!" என்று அத்தானின் அம்மா காபி போட்டுக் கொடுத்தார்.

அதற்கடுத்த சித்திரையில் அத்தான் ஏ.சி. வாங்கினார். அம்மன் கிருபை, அந்த வாரம் பையன் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தான். எங்கள் ஆபீஸில் வேலை செய்யும் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரை நான் அழைத்துப் போனேன். ஐம்பது வயசுப் பெரியவர். வந்ததும் போட்டோ ஒட்டிய சான்றிதழை எடுத்து நீட்டினார். யாரும் கேட்காமலே!

ஏ.சி. பக்கம் போகவே இல்லை. முதலில் மெயின் போர்டைத் திறந்தார். அப்புறம் வீட்டிலுள்ள பிளக் பாயின்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். "ஏ.சி. மாட்ட வந்தவர் வாஷிங் மெஷினை எதுக்கு நோண்டறார்?" என்று பெரியம்மா முணுமுணுத்தார்.

வாஷிங் மெஷின் பாயின்ட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "சார், இங்க வந்து பாருங்க."

எர்த் ஒயரே அந்தப் பெட்டி வரைக்கும் வரவில்லை. நம்ம பையன் இரண்டு அங்குல ஒயரால் நியூட்ரலையும் எர்த் முனையையும் உள்ளேயே சேர்த்துக் கட்டியிருந்தான். 'சுர்' நின்ற மர்மம் அதுதான்.

"அதான் நின்னுடுச்சே, அப்புறம் என்ன?" என்றார் அத்தான்.

பெரியவர் நிதானமாகச் சொன்னார். "நியூட்ரல் ஒழுங்கா இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது சார். வழியில எங்கயாவது அது கழண்டுதுன்னு வைங்க, திரும்பிப் போக வழியில்லாத கரன்ட் இந்தத் துண்டு ஒயர் வழியா மெஷினோட பாடிக்கு வரும். 230 வோல்ட். முன்னாடி 'சுர்'ருன்னு எச்சரிக்கையாவது செஞ்சுது. இப்ப அதுவும் கிடையாது."

சொல்லிவிட்டு மெயினை ஆஃப் செய்தார். போர்டில் நியூட்ரல் ஒயரைக் குறடால் லேசாகப் பிடித்தார். கையோடு வந்துவிட்டது. திருகு சரியாக முடுக்காததால் சூடேறி, முனை கன்னங்கரேலென்று கருகியிருந்தது.

யாரும் பேசவில்லை. அக்கா மகளுக்கு இரண்டு வயது. மெஷினின் கண்ணாடிக் கதவில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு துணி சுற்றுவதைப் பார்ப்பதுதான் அவளுக்கு டி.வி.

"எம்.சி.பி. இருக்குல்ல? அது விழுந்திருக்காதா?" என்று நான் கேட்டேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே நம்பிக்கொண்டிருக்கிறோம்!

"எம்.சி.பி. ஒயரைக் காப்பாத்தறதுக்கு சார், ஆளைக் காப்பாத்த இல்லை."

கணக்கைப் பாருங்கள். பிளக் பாயின்ட் எம்.சி.பி. 16 ஆம்பியர், அதாவது 16,000 மில்லி ஆம்பியர். மனித உடம்பு வழியாக நூறு மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். பழைய 60 வாட் குண்டு பல்புக்கே 260 மில்லி ஆம்பியர் வேண்டும். அரை பல்பு எரிய ஆகும் கரன்ட்டில் ஓர் ஆள் போய்விடலாம். எம்.சி.பி.க்கு அது கொசுக்கடிகூட இல்லை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்கிற கருவி. போகிற கரன்ட்டும் திரும்புகிற கரன்ட்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை. அவ்வளவு கசிந்தாலே கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். அத்தான் வீட்டு போர்டில் அது இல்லை. ("செலவு வேணாம்ணே, அடிக்கடி விழுந்து தொல்லை பண்ணும்" என்றானாம் பையன்.)

அந்தப் பெரியவர் இரண்டு நாள் வேலை செய்தார். பாத்ரூம் பக்கத்துக்குப் பச்சை ஒயர் இழுத்தார். காய்ந்து கிடந்த எர்த் குழியைச் சரிசெய்தார். ஆர்.சி.சி.பி. போட்டார். ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனி லைன். மெகர் என்கிற கருவியால் 500 வோல்ட் கொடுத்து ஒயர்களின் இன்சுலேஷனைச் சோதித்து எழுதிக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் ஏ.சி. ஓடியது. பில்லைப் பார்த்து அத்தானுக்குக் கொஞ்சம் வியர்த்தது. ஆனால் பேரம் பேசவில்லை.

இதில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்றுதான். மேஸ்திரி சுவரைக் கோணலாகக் கட்டினால் கண்ணுக்குத் தெரியும். தையல்காரர் சட்டையைக் கெடுத்தால் போட்டதுமே தெரியும். ஒயரிங் அப்படியில்லை. தப்பான ஒயரிங்கிலும் பல்பு எரியும், ஃபேன் சுற்றும், ஏ.சி. குளிரும். எது சரி எது தப்பு என்று நம்மால் பார்த்துச் சொல்ல முடியாத வேலை இது. அதனால்தான் அதைக் கற்றுத் தேறியவரும், தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். லைசென்ஸ் உள்ளவர்களில் சோம்பேறிகள் இல்லையா? இருக்கலாம். ஆனால் அவருக்கு இழக்க ஓர் உரிமம் இருக்கிறது. நம்ம பையனுக்கு இருப்பது ஒரு டெஸ்டர். போனால் இன்னொன்று வாங்கிக்கொள்வான்.

வீடு கட்டுகிறவர்களும் வாங்குகிறவர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். கான்ட்ராக்டரின் உரிமம், வேலை செய்பவரின் சான்றிதழ், இரண்டிலும் தேதி முடிந்துவிடவில்லையா என்று பாருங்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் வீட்டுக்குள் வந்து பார்க்கட்டும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று 16-ஐ எடுத்துவிட்டு 32 போடலாம் என்று யாராவது சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒயர் அதே ஒயர்தான். அப்புறம் எம்.சி.பி. விழாது, ஒயர்தான் எரியும்.

இன்றைக்கு ஆபீஸிலிருந்து போனதும் போர்டைத் திறந்து, 'டி' என்று போட்ட குட்டிப் பட்டன் இருக்கிறதா பாருங்கள். அழுத்தினால் வீடே இருளாக வேண்டும். இருளவில்லை என்றாலோ, பட்டனே இல்லை என்றாலோ, சான்றிதழ் உள்ள ஒருவருக்கு உடனே போன் போடுங்கள்!