வெளுத்த விரல்கள்

நியூயார்க் நகரத்துக்குப் போகிறவர்கள் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தை அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதில்லை. 1931ல் எழும்பிய 102 மாடிக் கட்டிடம் அது. அதன் மேல் போர்த்திய சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? இண்டியானா மாநிலத்தில், பெட்ஃபோர்டு என்ற சிற்றூருக்குப் பக்கத்திலிருந்து!

வாருங்கள், அந்த ஊருக்குப் போவோம். சுற்றிலும் கல் வெட்டிய பள்ளங்கள். எம்பயர் கட்டிடத்துக்குக் கல் கொடுத்த பள்ளம் இன்று தண்ணீர் நிறைந்து, படிக்கட்டில்லாத குளம்போல் நிற்கிறது. இந்த ஊர்க் கல் எந்தப் பக்கம் செதுக்கினாலும் இணங்கிக் கொடுக்கும்.

கல் இணங்கியது, கைதான் இணங்கவில்லை.

ஒரு காலத்தில் கொட்டாப்புளியால் தட்டித்தான் செதுக்கினார்கள். பிறகு, அழுத்திய காற்றால் ஓடும் சுத்தியல் வந்தது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள்! வேலை விரைந்தது. ஆனால் குளிர்ந்த காலை வேளைகளில் தொழிலாளியின் விரல்கள் மெழுகுபோல் வெளுத்து மரத்துப் போயின. ரத்தம் திரும்பும்போதோ, பொறுக்க முடியாத வலி.

1918ல் ஒரு பெண் டாக்டர் அங்கே வந்தார். அலிஸ் ஹாமில்டன் என்று பெயர். தொழிலாளர்களின் விரல்களைச் சோதித்தார். உளியைப் பிடிக்கும் இடது கைதான் அதிகம் கெட்டிருந்தது. கொட்டாப்புளிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்படியானால் குற்றவாளி யார்? சுத்தியலின் அதிர்வு, குளிரும் இறுகிய பிடியும் அதற்கு உடந்தை. மறு வருஷமே ஹார்வர்டு சர்வகலாசாலை அவரை ஆசிரியையாக அமர்த்தியது. அங்கே அந்தப் பதவி பெற்ற முதல் பெண்மணி அவர்தான்.

காரணம் தெரிந்துவிட்டதே, நோய் ஒழிந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அறுபது வருஷம் கழித்து, 1978ல் வேறு டாக்டர்கள் அதே ஊருக்குப் போனார்கள். காற்றுச் சுத்தியல் பிடித்தவர்களில் பெரும்பாலோருக்கு அதே வெளுத்த விரல்கள்!

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் சாலையை உடைக்கும் இயந்திரம் அலறும்போது காதைப் பொத்திக்கொள்கிறீர்கள். அதைப் பிடித்திருக்கும் கையையும் ஒரு கணம் பாருங்கள். நம் வெயிலில் விரல் வெளுப்பது தெரியாமல் போகலாம். மரத்துப்போவதும் ஊசி குத்துவதுபோன்ற உணர்ச்சியும் தெரியும். ஆரம்பத்திலேயே கவனித்தால் தடுக்கலாம்; முற்றிவிட்டால் முழுதும் திரும்புவது அரிது. உங்கள் வீட்டில் சுவர் உடைக்க ஒருவர் வந்தால், அடிக்கடி ஓய்வு கொடுங்கள். "விரல் மரத்துப் போகிறதா, அண்ணே?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால், தாமதிக்காமல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.