காணா விளிம்பு

பழம்பொருளைப் புதுப்பிப்போர் இருவகையினர். ஒருவர் பிறர் கண்ணுக்காகப் புதுப்பிக்கிறார். மற்றவர் அப்பொருளின் வாழ்நாளுக்காகப் புதுப்பிக்கிறார். இவ்விருவரையும் பிரித்தறிய வேண்டின், பழைய மகிழுந்துக்கு மறுவண்ணம் தீட்டும் பணிமனைக்குச் செல்லலாம். முகப்புக் கண்ணாடியைக் கழற்றுவதா, விடுவதா என்னும் வினாவே அங்கு உரைகல்லாகிறது.

முற்காலத்தில் அக்கண்ணாடியை ரப்பர் பட்டை தாங்கியிருந்தது. நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடரும் அவ்வகையினதே. பட்டையின் உதட்டை மெல்ல நெம்பினால் கண்ணாடி வெளிவந்துவிடும். பின்னர், கண்ணாடியை உடற்கூட்டோடு பசையால் ஒட்டும் முறை பரவியது. பாலியூரித்தேன் என்னும் அப்பசை கண்ணாடியையும் இரும்பையும் ஓருடலாக்கியது. விபத்தின்போது கண்ணாடி பெயர்ந்து விழாமல் காத்தது. உடற்கூட்டின் உறுதிக்கும் துணைநின்றது. அக்காலத்தில் உருவான ஊர்திகளே இன்று பழம்பெருமை பெற்று நிற்கின்றன. ஜெர்மனியில் 30 ஆண்டுகளைக் கடந்து, பழைய நிலை மாறாமல் பேணப்படும் ஊர்திகளுக்குத் தனிப் பதிவுப்பலகை வழங்கும் முறை 1997 முதல் உள்ளது.

அத்தகைய ஊர்திக்கு வண்ணம் தீட்ட வருபவர்முன் இருவழிகள் உள்ளன. கண்ணாடியின் ஓரத்தில் மறைப்பு நாடாவை ஒட்டிவிட்டு வண்ணத்தைத் தெளிப்பது ஒன்று. வேலை விரைவில் முடியும், செலவும் குறையும். ஆயினும், கண்ணாடியின் அடியில் ஒளிந்திருக்கும் துரு அங்கேயே தங்கிவிடும். மேலே பளபளப்பும் கீழே அரிப்புமாக நாள்கள் நகரும். ஒருநாள் வண்ணம் கொப்புளித்து எழும். மழைநீர் உள்ளே கசியும்.

கண்ணாடியைக் கழற்றுவது மற்றொரு வழி. அதில் இடர் மிகுதி. மெல்லிய எஃகுக் கம்பியைப் பசையினூடே நுழைத்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக நின்று, மாறிமாறி இழுத்து அறுப்பர். ஒருவர் இழுக்கையில் மற்றவர் தளர்த்த வேண்டும். இருவர் கையும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். முகப்புக் கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நெகிழிப்படலம் வைத்து உருவாக்கப்பட்டது. அதன் விளிம்பில் சிறு அடி பட்டாலும் கீறல் நடுவரை ஓடும். பழைய ஊர்திக்கு மாற்றுக் கண்ணாடி கிடைப்பதோ அரிது. பல்லாண்டு காத்த பொருள் ஒரு நொடி அவசரத்தில் அழிந்துவிடலாம்.

கண்ணாடி நீங்கியபின் உண்மை வெளிப்படும். துருவைச் சுரண்டி, இரும்பு தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்பு மூலப்பூச்சு இடுவர். பின்னர், கைதேர்ந்தவர் செய்யும் செயல் ஒன்று காண்பவருக்கு வியப்பளிக்கும். பசை அமரவேண்டிய விளிம்பை நாடாவால் மூடி, அழகிய மேல்வண்ணம் அங்கே படாமல் தடுப்பார். வண்ணத்தின்மேல் பசையிட்டால், கண்ணாடியின் பிடிப்பு முழுதும் அவ்வண்ணப் படலத்தின் பிடிப்பையே நம்பியிருக்கும். வண்ணம் உரிந்தால் கண்ணாடியும் உடன் பெயரும். உறுதி வேண்டிய இடத்தில் ஒப்பனைக்கு இடமில்லை.

இறுதியாகப் பசையை இடைவெளியின்றி ஒரே கோடாக இட்டு, அது மேற்படலம் கட்டுமுன் கண்ணாடியை அமர்த்துவர். காற்றின் ஈரத்தை உறிஞ்சியே அப்பசை இறுகும். வெளிப்புறம் முதலில், உட்புறம் பிறகு. தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றினும், உள்ளே இன்னும் இளகியிருக்கும். ஆதலின், குறித்த நேரம் கழியும்வரை ஊர்தியை நகர்த்தலாகாது. பக்கக் கண்ணாடியைச் சிறிது இறக்கியே வைத்தல் வேண்டும். எல்லாம் மூடியிருக்கக் கதவை ஓங்கிச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்றே புதிதாய் அமர்ந்த கண்ணாடியைத் தள்ளிவிடும்.

இவ்வளவு உழைப்பும் கண்ணாடியின் கீழே மறைந்துவிடுகிறது. விலைபேச வருபவர் வண்ணத்தின் மினுமினுப்பைத்தான் பார்ப்பார். விளிம்பை எவரும் கேட்பதில்லை. கேளாத அவ்விடத்தில்தான் அந்த ஊர்தியில் செல்வோரின் உயிர் ஒட்டியிருக்கிறது. அதை அறிந்த பணியாளர், கூலி கணக்கிடப்படாத அந்த விரற்கடை அகலத்தையும் தம் பெயர் பொறித்த இடம்போல் எண்ணிச் செம்மை செய்கிறார்.