ஒரு சிலிண்டரே ஒரு மாருதி

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். "சார், உங்களுக்குப் பிடித்த இன்ஜின் எது?" என்று பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். இப்போது லாரி பட்டறை வைத்திருக்கிறார். நான் வாழ்நாளில் ஓட்டியது ஒரு சேடக் ஸ்கூட்டரும் ஒரு மாருதி 800-ம்தான். ஆனாலும் பதில் யோசிக்காமல் வந்தது: அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி செய்த 426 ஹெமி. புல்லட் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார் போல. சற்று நேரம் பேச்சே இல்லை.

கல்லூரி நாட்களில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அமெரிக்கக் கார் பத்திரிகைகளில்தான் அதை முதலில் பார்த்தேன். 426 என்பது கன அங்குலம். நம் கணக்கில் 7 லிட்டர். எட்டு சிலிண்டர். அதாவது அதன் ஒரு சிலிண்டர் மட்டும் சுமார் 872 சிசி. என் மாருதியின் மொத்த இன்ஜினே 796 சிசிதான்!

ஆனால் எனக்குப் பிடித்தது அளவு இல்லை, வடிவம். ஒரு தேங்காய் மூடியைக் கவிழ்த்து வையுங்கள். சிலிண்டரின் தலைப்பகுதியில் பெட்ரோல் எரியும் அறை ஏறத்தாழ அந்த வடிவம். ஹெமிஸ்பியர், அரைக்கோளம், அதனால் ஹெமி. மற்ற பெரிய இன்ஜின்களில் அந்த அறை ஆப்பு மாதிரி இருக்கும். இரண்டு வால்வுகளும் ஒரே வரிசையில் நெருக்கியடித்து நிற்கும். இதிலோ வால்வுகள் எதிரெதிரே சாய்ந்து நிற்கின்றன. அதனால் பெரிய வால்வு வைக்க இடம் கிடைக்கிறது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது, திண்ணை வழியாக வந்து கொல்லை வழியாகப் போவது போல. ஸ்பார்க் பிளக் ஏறத்தாழ நடுவில். ஒரே கன அளவுக்கு மிகக் குறைந்த பரப்பு உள்ள வடிவம் கோளம் என்று வகுப்பில் படித்தோமே, அந்தப் பாடம்தான். பரப்பு குறைந்தால் சுவர் வழியாக வீணாகும் வெப்பமும் குறையும்.

யோசனை புதிதல்ல. 1951-லேயே கிரைஸ்லர் இதே வடிவில் 331 கன அங்குல இன்ஜினை விற்றது. செலவு அதிகம், எடை அதிகம் என்று அந்த வரிசையை 1958-ஓடு கைவிட்டார்கள். பந்தயத்தில் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது டாம் ஹூவர் முதலான பொறியாளர்கள் அதைத் திரும்பத் தூசி தட்டினார்கள். எடையைப் பார்த்துப் பின்னாளில் ஜனங்கள் வைத்த பட்டப்பெயர் யானை.

1964 பிப்ரவரி, ஃபுளோரிடாவில் டேடோனா 500 பந்தயம். அதற்குக் கொஞ்ச நாள் முன்புவரை சோதனையில் சிலிண்டர் சுவர்கள் விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. வார்ப்பைத் தடிமனாக்கி அவசரமாகக் கொண்டு சேர்த்தார்கள். மொத்தம் 200 சுற்று. அதில் 184 சுற்றுகள் ரிச்சர்ட் பெட்டிதான் முன்னால். முதல் மூன்று இடமும் ஹெமி வண்டிகளுக்கே. அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. முந்தைய ஆண்டு முதலிடத்தில் நின்று புறப்பட்ட வண்டியின் தகுதிச்சுற்று வேகம் மணிக்கு 161 மைல். இந்த ஆண்டு 175. ஒரே வருடத்தில் 14 மைல்!

டயர் அந்த வேகத்தில் வளரவில்லை. பெட்ரோல் டேங்கும் வளரவில்லை. அந்த மே மாதம் ஃபயர்பால் ராபர்ட்ஸ் சார்லட்டில் தீயில் சிக்கி, ஜூலையில் இறந்தார். அவர் ஓட்டியது ஃபோர்டு, ஹெமி மேல் பழி போட முடியாது. ஆனால் டேடோனாவில் ஹெமியில் இரண்டாவதாக வந்தாரே ஜிம்மி பார்டு, அவர் செப்டம்பரில் ஒரு டயர் சோதனையின்போது இறந்தார். டேங்குக்குள் ரப்பர் பை, டயருக்குள் இன்னொரு டயர் எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

நாஸ்கார் தலைவர் பில் ஃபிரான்ஸ் 1965-க்கு ஹெமியைத் தடை செய்தார். பொதுமக்களுக்கு விற்காத இன்ஜின் ஓடக் கூடாது என்பது காரணம். ஃபோர்டு போட்டிக்குத் தயாரித்த 'கேமர்' இன்ஜினுக்கும் அதே கதி. கிரைஸ்லர் கோபித்துக்கொண்டு விலக, பெட்டி ஒரு பாரகுடா காரில் ஹெமியைப் பொருத்திக்கொண்டு நேர்கோட்டு டிராக் பந்தயங்களுக்குப் போனார். பிப்ரவரி மாதக் கடைசியில் ஜார்ஜியா மாநிலத்தில் அந்தக் கார் கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான்.

நான் வாங்கிய பத்திரிகைகளில் அந்தச் செய்தி இல்லை. குதிரைசக்தி இருந்தது, வண்ணப்படம் இருந்தது. நாம் மூன்றாம் வகுப்பில் உட்கார வைக்கும் வயது அவனுக்கு. வெப்ப இயக்கவியல் பாடத்தில் ஹெமியைச் சொன்ன வருடமெல்லாம் அவனையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். கடைசி பெஞ்சில் பைக் சாவியைச் சுற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அந்த இடத்தில் மட்டும் கையை நிறுத்துவார்கள். சாலைப் பாதுகாப்பு வாரம் என்று மைக்கில் பேசியபோது ஒருவர்கூட நிறுத்தியதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். பொதுமக்களுக்கு விற்கவில்லை என்பதுதானே குற்றம்? 1966-ல் ஹெமியைச் சாதாரணக் கார்களில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். காகிதத்தில் 425 குதிரைசக்தி. உண்மையில் அதற்கு மேல் என்பது அன்றே பலருக்குத் தெரியும். அந்த ஆண்டு டேடோனா மறுபடி பெட்டிக்கு. 1967-ல் ஒரே ஆண்டில் 27 வெற்றி, அதில் 10 தொடர்ச்சியாக. எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை குறையவில்லை.

காப்பீட்டுக் கட்டணமும் புகை விதிகளும் நெருக்க, 1971-ஓடு தெருவில் ஹெமியின் கதை முடிந்தது. அந்த ஆண்டு ஹெமி போட்ட திறந்த கூரை குடா மொத்தம் 11 வண்டிகள்தான். 2014-ல் அவற்றில் ஒன்று 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் அதை எங்கே ஓட்டுவார் என்று தெரியவில்லை. கோயில் தேர் மாதிரி ஷெட்டில்தான் நிற்கும்.

பந்தயத்தில் மட்டும் யானை ஓயவில்லை. இன்றைய டாப் ஃபியூயல் டிராக் வண்டிகளின் இன்ஜின் அலுமினியத்தில் செய்தது, குடிப்பது நைட்ரோமீத்தேன். ஆனால் அடிப்படை அமைப்பு அதே 426-ன் வாரிசு. மணிக்கு 330 மைலைத் தாண்டுகிறது. 2008 ஜூனில் இதே வகை இன்ஜின் போட்ட வண்டியில் ஸ்காட் கலிட்டா இறந்தபின், ஓடும் தூரத்தை 1320 அடியிலிருந்து 1000 அடியாகக் குறைத்தார்கள். மிச்சமான 320 அடி, வண்டி நிற்பதற்கு.