மார்கழி நிழலைப் பாருங்கள்

மாடியில் சோலார் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட், எந்தக் கம்பெனி என்றுதான். நான் கேட்பது மாடிச் சாவியை. ஏறி நின்று, தெற்கே என்ன மறைக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு.

எங்கள் ஊரான அரும்பாவூரில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது தெற்கே இருக்கும் தண்ணீர்த் தொட்டியோ தென்னையோ தொல்லையாகத் தெரியாது. மார்கழியில் கதை மாறும். நடுப்பகலிலேயே சூரியன் சுமார் 55 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். நான்கடித் தொட்டியின் நிழல் அப்போது வடக்கே மூன்றடி அளவுக்கு நீளும். காலை ஒன்பது மணிக்கு அதைப்போல இரு மடங்குக்கு மேல். பேனல்களைத் தொடராக இணைத்திருந்தால், ஒன்றின் மேல் மட்டை நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தி இறங்கும். பைபாஸ் டயோடு நிழல் பட்ட பகுதியைத் தாண்டிக் கரண்டைக் கொண்டுபோகும், ஆனால் அந்தப் பகுதி தர வேண்டிய மின்சாரம் போனது போனதுதான்.

பேனல் தெற்குப் பார்த்து 11 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருந்தால் நம் பக்கத்துக்குப் போதும். அடியில் காற்று ஓட இடம் விடுங்கள். பேனலில் அச்சிட்டிருக்கும் வாட் 25 டிகிரி சூட்டுக்கு உரியது. கத்திரி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறைந்துகொண்டே போகும். தகரக் கூரையோடு ஒட்டிப் படுக்கவைப்பது இதனால்தான் எனக்குப் பிடிக்காத வேலை. மக்காச்சோளம் அடிக்கும் காலத்துத் தூசியையும் காலை வெயில் ஏறுமுன் வெறும் தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

சட்டம் மாட்டுவதைக் கைப்பழக்கம் உள்ள யாரும் செய்யலாம். பயப்பட வேண்டியது டிசி வயரிங்குக்கு. 550 வாட் பேனல் ஆறைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட் வரை நிற்கும். வெயில் இருக்கும் வரை அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. இணைப்பைத் துண்டிக்கும் ஐசோலேட்டரை இறக்கினாலும் பேனல் பக்கத்து வயரில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அறுந்துவிடும். டிசியில் பொறி பற்றினால் இழுத்துக்கொண்டே எரியும். லோடு ஓடும்போது, பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கவே கூடாது என்பது அதனால்தான். அந்தக் கனெக்டரின் பின்னைச் சாதாரணக் குறடால் நசுக்குவதும் ஆபத்து. பிடி தளர்ந்த இடம் சூடேறி, பிளாஸ்டிக் உருகி, தீயில் முடியும். அதற்கென்றே உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்தி, 'டிக்' என்று பூட்டும் சத்தம் கேட்டபின் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இடிதாங்கிக்குத் தனி எர்த் குழி, பேனல் சட்டத்துக்குத் தனிக் குழி. இதில் மிச்சம் பிடிக்கும் பணம் பணமே அல்ல.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். இங்கே மரப் பட்டறைக்குச் சோலார் போடுபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும்: அறுக்கும் மெஷினின் மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப்போலப் பல மடங்கு இழுக்கும். விளக்கு, ஃபேன் கணக்குக்கு வாங்கிய இன்வெர்ட்டர் அங்கே நிற்காது.

பேட்டரியோடு சிறிதாகப் போடுவதை நீங்களே செய்யலாம். இ.பி. லைனோடு இணைப்பதென்றால் மின்வாரிய அனுமதியும் நெட் மீட்டரும் வேண்டும். பேட்டரி இல்லாமல் லைனோடு இணைந்த ஆன்கிரிட் அமைப்பு, கரண்ட் போனால் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. பதிவு பெற்ற நிறுவனம் பொருத்தினால்தான் அது கிடைக்கும். மின்வாரியத்தின் இலவச யூனிட்டுக்குள்ளேயே முடித்துவிடும் வீடு என்றால், அவசரப்பட வேண்டாம் என்பதே என் யோசனை.