50 ரூபாயில் துணி சோப்பு... நானே செய்து பார்த்தேன்!

‘வெறும் 50 ரூபாயில் ஒரு மாதத்துக்கான துணி சோப்பு!’

இந்தத் தலைப்பை எழுதியவள் நான்தான். டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு வீடியோவுக்காக எழுதினேன். நிறைய பேர் பார்த்தார்கள். ‘நீ செய்து பார்த்தாயா?’ என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அப்பா ஓய்வு பெற்றபிறகு மளிகை பில் என் பொறுப்புக்கு வந்தது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் துணி சோப்பு, பவுடர், லிக்விட் என்று மாதம் 600 ரூபாயைத் தாண்டியது. “அதான் நீயே எழுதியிருக்கியே!” என்று தம்பி கிண்டலடிக்க, தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்கினேன்.

முறுக்கு சுட்டு மீந்த கடலை எண்ணெய் அரைக் கிலோ. அதில் மட்டும் செய்தால் சோப்பு கொழகொழவென்று இருக்கும் என்பதால், தேங்காய் எண்ணெய் அரைக் கிலோ. காஸ்டிக் சோடா 150 கிராம், தண்ணீர் 350 மில்லி. எல்லாவற்றையும் எடை போட்டு வைத்துவிட்டு, அலுமினியக் குண்டானை எடுத்தேன்.

“அதைக் கீழ வை பாப்பா!”

அம்மா இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

“அலுமினியத்துல காஸ்டிக் பட்டா பொங்கி, பாத்திரத்தையே அரிச்சிடும். எவர்சில்வர் எடு. தண்ணியிலதான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும். காஸ்டிக் மேல தண்ணிய ஊத்தவே கூடாது, தெறிச்சிடும்.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

அம்மா வலது கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே பளபளப்பாக ஒரு தழும்பு. எண்ணெய் தெறித்த தழும்பு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நான் யு.கே.ஜி படித்தபோது அப்பா வேலை பார்த்த மில் மூடப்பட்டது. மகளிர் குழுவில் சோப்பு செய்யக் கற்றுக்கொண்டு, தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்றிருக்கிறார் அம்மா. என் அந்த வருட ஃபீஸ் அதில்தான் கட்டப்பட்டதாம். “இதையெல்லாம் எதுக்குச் சொல்லணும்?” என்றார்.

அதன்பிறகு ரப்பர் கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் என எல்லாம் அம்மா சொன்னபடிதான். காஸ்டிக் போட்டதும் அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிப்பதுபோலச் சூடானது. அது ஆறியதும் எண்ணெயில் ஊற்றி, இட்லி மாவுப் பதம் வரும்வரை ஒரு மணி நேரம் கிண்டினோம். மறுநாள் துண்டு போட்டு, நான்கு வாரம் நிழலில் காயவைத்தோம்.

சோப்பு அருமையாக வந்தது. துவைத்த துணிதான் சரியில்லை. எங்கள் வீட்டில் உப்பான போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத திரிதிரியான அழுக்காகத் துணியிலேயே ஒட்டிக்கொள்கின்றன. மூன்றே சலவையில் அப்பாவின் வெள்ளை வேட்டி சாம்பல் நிறத்துக்குப் போய் விறைத்துக்கொண்டது. அதே சோப்பு மழைத் தண்ணீரில் நன்றாக நுரைத்தது.

கணக்கும் உதைத்தது. தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் 220 ரூபாய். கிடைத்தது சுமார் ஒன்றே கால் கிலோ சோப்பு. கடையில் அதே எடைக்கு பார் சோப்பு 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இருந்தாலும் இப்போது எங்கள் பில் 400 ரூபாய்க்குள் நிற்கிறது. அதற்கும் அம்மாவின் யோசனைதான் காரணம். ஒரு வாளித் தண்ணீரில் முதலில் ஒரு ஸ்பூன் சலவை சோடா கலந்துவிட்டால் தண்ணீரின் கடினத்தன்மை குறைகிறது, பவுடர் பாதி போதும். பட்டு, கம்பளிக்கு மட்டும் இது கூடாது. கண்ணளவாகக் கொட்டாமல் அளந்து போடுகிறோம். காலர், கைமடிப்பில் மட்டும் சோப்பு தேய்த்து அரை மணி நேரம் ஊறவைக்கிறோம். நான் செய்த சோப்பு கரித்துணிக்கும் மிதியடிக்கும் போய்விட்டது.

போன வாரம் இன்னொரு சோப்பு வீடியோ டெஸ்க்குக்கு வந்தது. காஸ்டிக்கைப் பற்றி அதில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ‘குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது செய்யாதீர்கள். தோலில் பட்டால் எலுமிச்சை, வினிகர் எதுவும் போடாமல், குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்’ என்று முதல் வரியாகச் சேர்த்தேன். தலைப்பில் இருந்த ‘வெறும்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டேன்.